மணல் குடியேறிய வைர ஊர்: கோல்மான்ஸ்கொப் போகலாமா?

கேள்வி இது: “நமீபியாவுக்குப் பத்து நாள் போகிறோம். நானும் மனைவியும் 11 வயது மகளும். வீட்டுக்குள் மணல் நிறைந்து கிடக்கும் அந்தப் பாலைவன ஊரின் படங்களைப் பார்த்ததிலிருந்து போகவேண்டும் என்று இருக்கிறது. விண்ட்ஹுக்கிலிருந்து 700 கிலோமீட்டர் என்கிறார்கள். அவ்வளவு தூரத்துக்குத் தகுமா? அரை நாள் போதுமா? பாம்பு, தேள் உண்டா? கீழே வைரம் கிடந்தால் எடுக்கலாமா? மகளுக்குச் சலிப்பாக இருக்குமா?”

தகும். ஆனால் அரை நாளில் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புவதாக இருந்தால் வேண்டாம். லூடெரிட்ஸ் என்ற துறைமுக ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். இரண்டு காலைப்பொழுது நீங்கள் படத்தில் பார்த்த அந்தப் பாழூருக்கு, கோல்மான்ஸ்கொப்புக்கு. முதல் நாள் கேமராவோடு, மறுநாள் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை முழுக்க வியூஃபைண்டர் வழியாகவே பார்த்தேன். வீடு திரும்பிப் படங்களைப் பார்த்தபோது கதவும் மணலும் வெளிச்சமும்தான் இருந்தன, ஊர் எதிலும் இல்லை.

முதலில் தூரக் கணக்கு. நீங்கள் கேள்விப்பட்ட 700 என்பது மண்சாலைகளில் குறுக்கே வெட்டிப் போகும் வழி. முழுக்கத் தார்ச்சாலையில், கீட்மன்ஸ்ஹூப் சுற்றிப் போனால் 800-ஐத் தாண்டும். குழந்தையோடு ஒரே நாளில் ஓட்டாதீர்கள். கீட்மன்ஸ்ஹூப்பிலோ ஆவுஸ் என்ற சிற்றூரிலோ ஓர் இரவு தங்கலாம். நம்மைப்போல் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்த வகையில் நிம்மதி. இருட்டிய பிறகு மட்டும் ஓட்டவேண்டாம். கூடு, ஓரிக்ஸ் போன்ற பெரிய மான்கள் சட்டென்று குறுக்கே வரும், மோதினால் கார் தாங்காது. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆவுஸிலிருந்து லூடெரிட்ஸ் வரை சுமார் 125 கிலோமீட்டர். இந்தப் பாதையில்தான் பாலைவனம் தன் முகத்தைக் காட்டும். ஆவுஸ் தாண்டி 20 கிலோமீட்டரில் காருப் என்னுமிடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் காட்டுக்குதிரைகள் வரும். வந்தால் அதிர்ஷ்டம், இறங்கிப் பாருங்கள். அதற்கப்புறம் மரம் இல்லை, ஆள் இல்லை. சாலையின் இரு பக்கமும் “உள்ளே நுழையாதே” பலகைகள். லூடெரிட்ஸ் நெருங்கும்போது குன்று குன்றாய் மணல் சாலையைக் கடந்துகொண்டிருக்கும். மிகைப்படுத்தவில்லை, உண்மையாகவே கடக்கும்: காற்று தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. சாலையின் மேல் ஏறிய மணலை லோடர் வண்டிகள் வாரிப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். பக்கத்திலேயே ரயில்பாதை. அதன் தண்டவாளத்தையும் மணல் மூடுகிறது, வாருகிறார்கள், மறுபடி மூடுகிறது.

இந்தத் தண்டவாளத்தில்தான் ஊரின் கதை தொடங்குகிறது. அதனால் கோல்மான்ஸ்கொப் வாசலில் போய் நிற்பதற்கு முன், சில கிலோமீட்டர் முன்னாலேயே கிராஸ்பிளாட்ஸ் என்ற பழைய ரயில் நிலையத்தின் பக்கம் வண்டியை ஓரங்கட்டுங்கள். சாலையிலிருந்தே தெரியும் சிறிய கட்டடம்.

1908 ஏப்ரலில் இந்தப் பகுதியில் மணல் வாரிக்கொண்டிருந்த ஜக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளியின் கண்ணில் ஒரு கல் பட்டது. அவர் அதற்கு முன் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் மிதித்துப் போயிருக்கக்கூடிய கல்லை அவர் கண் விடவில்லை. மேலதிகாரியான ஆகஸ்ட் ஷ்டவுஹிடம் கொடுத்தார். ஷ்டவுஹ் தன் கடிகாரக் கண்ணாடியில் கீறிப் பார்த்தாராம், கோடு விழுந்தது. அவர் ஓசைப்படாமல் அந்த நிலப்பரப்பில் தோண்டும் உரிமைகளை வாங்கிப் போட்டார், கோடீஸ்வரர் ஆனார். லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஷ்டவுஹின் செல்வமும் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கரைந்தது. 1947-ல் ஜெர்மனியில் ஏழையாகவே இறந்தார். வழிகாட்டிகள் இந்த இரண்டாம் பாதியை ரசித்துச் சொல்வார்கள். முதல் பாதியை அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை.

அதைவிடக் குறைவாகச் சொல்லப்படுவது, அந்தத் தண்டவாளத்தை யார் போட்டார்கள் என்பது. 1904-ல் தொடங்கி ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் காலனி அரசு கொன்று குவித்தது. பிழைத்தவர்களில் பலரை லூடெரிட்ஸ் கரையிலுள்ள சுறாத் தீவில் முகாமில் அடைத்தது. அந்தக் கைதிகளைக் கொண்டுதான் இந்த ரயில்பாதையைப் போட்டார்கள். 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை பாதையில் வேலைசெய்த 2,014 கைதிகளில் 1,359 பேர் இறந்தார்கள் என்கிறது பதிவு. லெவாலா மண்வெட்டியோடு அங்கே நின்றது அதற்கு அடுத்த ஆண்டு. நடந்தது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021-ல். சுறாத் தீவு இப்போது கரையோடு இணைந்துவிட்டது, அதன் மேல் கூடாரம் போட்டுத் தங்கும் சுற்றுலா முகாம் இருக்கிறது. மலிவு, கடல் காட்சியும் நன்றாக இருக்கும். நான் அங்கே தங்கவில்லை, உங்களையும் தங்கச் சொல்லமாட்டேன். நினைவுக்கற்களை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி வைரம் எப்படி அங்கே வந்தது என்பது. பாலைவனத்தில் சுரங்கம் என்றதும் நம் மனத்தில் ஆழக்குழி தோன்றும். இங்கே அப்படியில்லை, வைரம் மணலின் மேலேயே கிடந்தது. அது பிறந்தது தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுப் பாறைக்குழாய்களில். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழை அந்தப் பாறைகளைக் கரைக்க, ஆரஞ்சு ஆறு வைரங்களை அட்லாண்டிக் கடலுக்கு உருட்டிச் சென்றது. கடலோர நீரோட்டமும் அலையும் அவற்றை வடக்கே தள்ளின. கரையேறிய சரளையிலிருந்து காற்று லேசான மணலைச் சீவி எடுத்துப் போக, கனமான கற்கள் பள்ளத்தாக்குகளில் தங்கின. இவ்வளவு அடிபட்டு வருவதில் விரிசல் உள்ள கற்கள் வழியிலேயே நொறுங்கிவிடும். அதனால்தான் இந்தக் கடற்கரை வைரங்களில் பெரும்பகுதி நகைக்கு ஏற்ற தரம். ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் பெரிய கல், வடக்கே வர வரச் சிறிய கல். இந்தச் சின்ன விவரம்தான் பிற்பாடு ஊரைக் கொன்றது, அதற்கு வருகிறேன்.

தொடக்க நாட்களில் தொழிலாளர்களை வரிசையாக மண்டியிட வைத்து, தவழ்ந்தபடியே கையால் பொறுக்க வைத்தார்கள். 1908 செப்டம்பரிலேயே ஜெர்மன் அரசு கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டர் அகலத்துக்கு, தெற்கே ஆரஞ்சு ஆறு வரை, நிலத்தைத் தடைப்பகுதியாக அறிவித்தது. ஷ்பெர்கெபீட் என்ற அந்தப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நீங்கள் சாலையோரம் பார்க்கும் பலகைகள் அதன் வாரிசுகள். ஒரு நூறாண்டு பெரும்பகுதியில் மனிதக் கால் படாததால் செடிகொடிக்கு நல்லதாகப் போய், 2008-ல் அது தேசியப் பூங்காவாகவும் ஆனது.

கோல்மான்ஸ்கொப் என்றால் கோல்மானின் குன்று. கோல்மான் என்ற வண்டிக்காரர் மணற்புயலில் தன் மாட்டுவண்டியை அங்கே விட்டுவிட்டுப் போனதால் வந்த பெயர் என்கிறார்கள். 1912-ல் இந்த வட்டாரத்தின் உற்பத்தி பத்து லட்சம் காரட் அளவில் இருந்தது, உலக உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதம். அந்தப் பணத்தில் பாலைவனத்தின் நடுவே ஒரு ஜெர்மன் சிற்றூரை நட்டார்கள்: மருத்துவமனை, பள்ளி, ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, நாடகமும் உடற்பயிற்சியும் நடக்கும் பெரிய மண்டபம், அதன் அடியில் பந்துருட்டி ஆடும் தளம், குன்றின் மேல் கடல்நீர் நீச்சல்குளம். குடிநீர் ஆரம்பத்தில் கேப் டவுனிலிருந்து கப்பலில் வந்தது. தென் அரைக்கோளத்தின் முதல் எக்ஸ்ரே கருவி இந்த மருத்துவமனையில்தான் இருந்தது என்பார்கள். நோயாளிக்கு மட்டுமா அது? வைரத்தை விழுங்கிக் கொண்டு போகிறார்களா என்று தொழிலாளர்களின் வயிற்றைப் பார்க்கவும்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐஸ் தொழிற்சாலை. ஒரு கட்டடம் முழுக்க இயந்திரங்களின் மிச்சம், பனிக்கட்டி வார்த்த அச்சுகள். காலையில் ஊருக்குள் ஒரு குட்டி ரயில் ஓடும். வீட்டுக்கு வீடு ஐஸ் கட்டியும் சோடாவும் இறக்கிவிட்டுப் போகும். மணலில் கால் புதையாமல் கடைக்குப் போக, வீட்டுப் பெண்கள் அதே ரயிலில் தொற்றிக்கொள்வார்கள். நீங்கள் போகும்போது அந்தக் கட்டடத்துக்குள் நின்று ஒரு நிமிடம் கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். வெளியே எல்லாம் சுடும், அந்தச் சுவர் சில்லென்றிருக்கும்.

1920-களில் ஊரில் சுமார் 300 ஜெர்மானியப் பெரியவர்கள், 40 குழந்தைகள். இவர்களோடு 800 ஓவாம்போ தொழிலாளர்கள். வடக்கிலிருந்து ஒப்பந்தத்தில் கூட்டிவந்து, குடும்பம் இல்லாமல், நீளக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டவர்கள். சுற்றுலாப் படங்களில் வரும் நீலச் சுவரும் பச்சைச் சுவரும் அந்த 300 பேருடையவை. மேனேஜர் வீடு, கணக்கர் வீடு, ஆசிரியர் வீடு, மருத்துவர் வீடு என்று பலகை வைத்திருக்கிறார்கள். கொட்டகைக்காரர்களைப் பற்றிப் பலகைகள் அதிகம் பேசுவதில்லை. வழிகாட்டியிடம் நீங்களாகக் கேளுங்கள். கேட்டால் நன்றாகச் சொல்கிறார்கள். யாரும் கேட்பதில்லை என்று எங்கள் வழிகாட்டி சிரித்தபடி சொன்னார்.

ஊர் செத்தது வைரம் தீர்ந்ததால் மட்டும் இல்லை. 1914–15-ல் தென்னாப்பிரிக்கப் படை வந்தது, ஜெர்மன் ஆட்சி போனது. 1920-ல் சுரங்கங்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்க அதிபர் ஓப்பன்ஹைமரின் கம்பெனி கைக்கு மாறின. 1928-ல் தெற்கே 270 கிலோமீட்டர் தள்ளி, ஆரஞ்சு ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், இதைவிடப் பெரிய கற்கள் கடற்கரைத் திட்டுகளில் கிடைத்தன. முன்னே சொன்ன கணக்குதான்: ஆற்றுப் பக்கம் பெரிய கல். ஆட்களும் இயந்திரங்களும் தெற்கே நகர, 1943-ல் தலைமையகமே அங்குள்ள ஒரான்யேமுண்டு என்ற ஊருக்குப் போனது. 1956-க்குள் கோல்மான்ஸ்கொப்பில் ஒருவரும் இல்லை. மணல் அதற்கு முன்பும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. வாருவதற்கு ஆள் இருந்தவரை ஊர் ஊராக இருந்தது, அவ்வளவுதான். 1980-ல் சில கட்டடங்களைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கினார்கள்.

சரி, போகும் வழக்கம். லூடெரிட்ஸிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம்தான். சாதாரண அனுமதிச் சீட்டில் காலை 8 மணி முதல் பகல் 1 மணி வரை. காலையில் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வழிகாட்டியோடு நடை உண்டு. சேர்ந்துகொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் வீண்போகாது. சூரியன் எழும் முன்பே உள்ளே போகவும் மாலை வரை இருக்கவும் புகைப்படக்காரர் சீட்டு என்று தனியாக இருக்கிறது, விலை கூடுதல். அதை முந்தைய நாளே வாங்கிவிடவேண்டும். விடியற்காலையில் வாசலில் விற்க ஆள் இருக்காது. நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் தங்கும் விடுதியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஏன் காலை என்றால், காற்று. லூடெரிட்ஸ் காற்று சாமானியமானது இல்லை; பாய் கட்டிய பலகையில் நீர்மேல் சறுக்கி உலக வேகச் சாதனை படைக்க ஆட்கள் அக்டோபர், நவம்பரில் அங்கே வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று எழுந்தால் மணல் கணுக்காலில் ஊசியாய்க் குத்தும். முதல் முறை போனபோது ஒரு வாசலில் நின்று லென்ஸை மாற்றினேன், மூன்றே வினாடி. அன்று மாலையிலிருந்து ஜூம் வளையம் திருகும்போதெல்லாம் அம்மியில் அரைக்கிற சத்தம். உள்ளே லென்ஸைக் கழற்றவே வேண்டாம். அகலக்கோண லென்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதோடே திரியுங்கள். கடல் பக்கம் குளிர் நீரோட்டம் இருப்பதால் லூடெரிட்ஸில் விடியலில் பனிமூட்டமும் குளிரும் இருக்கும், ஊருக்குள் பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். ஸ்வெட்டரும் தொப்பியும் இரண்டும் வேண்டும்.

எல்லோரும் மண்டபத்திலிருந்து தொடங்குவதால், நீங்கள் மறுகோடியில் இருக்கிற மருத்துவமனையிலிருந்து தொடங்குங்கள். நீண்ட நடைபாதை, இரு பக்கமும் கதவு கதவாய் அறைகள். கூரைச் சட்டங்கள் உடைந்த இடத்தில் வெயில் கோடுகோடாக விழும். அங்கிருந்து வீடுகளுக்கு வந்தால், இரவுக் காற்று தட்டையாக்கிய மணலில் உங்கள் காலடிதான் முதலாவதாக இருக்கும். ஓர் அறையில் மணல் என் மார்பு உயரத்துக்கு ஏறி, அப்படியே சரிந்து அடுத்த அறைக்குள் இறங்கியிருந்தது. கதவு பாதி திறந்த நிலையில் புதைந்திருக்கிறது. இனி திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அதன் மேலே, சுவரில், அச்சுத்தகடு வைத்து வரைந்த பூ வரிசை இன்னும் கலையாமல் இருக்கிறது. யாரோ நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரி பொறாமைப்பட்டிருப்பாள் என்று தோன்றியது.

மாடிப்படிகளில் மட்டும் கவனம். மரம் உளுத்துப்போயிருக்கிறது, தடுப்பு வைத்திருக்கும் படியில் படத்துக்காக ஏறாதீர்கள். நடுக்கூடத்தின் பலகைத் தரையில் மணல் மேலே மூடியிருந்தால் கீழே பலகை இருக்கிறதா என்று தெரியாது. சுவரோரமாக நடப்பது நல்லது.

பாம்பும் தேளும் உண்டு. பக்கவாட்டில் நெளியும் சிறிய விரியன் ஒன்று இந்த மணலுக்கே உரியது. உடம்பை மணலில் புதைத்துக்கொண்டு கண் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். தடம் சாய்ந்த கோடுகளாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, படிக்கட்டு வரைந்ததுபோல் இருக்கும். நான் தடத்தைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. மூடிய காலணி போடுங்கள், பலகைக்கு அடியில் கைவிடாதீர்கள், போதும். இரவில் பழுப்புக் கழுதைப்புலிகள் ஊருக்குள் உலாவுகின்றன. இடிந்த வீட்டின் முன் அப்படி ஒன்று நிற்கும் படத்துக்குத்தான் 2025-ல் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் விருது கிடைத்தது. அதை எடுத்தவர் பத்து ஆண்டு முயன்றாராம். பகலில் போகும் நமக்கு அவற்றின் எச்சம் தென்பட்டாலே பெரிது.

வைரத்தை எடுக்கலாமா என்றால், கூடாது. பட்டை தீட்டாத வைரத்தை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது அந்த நாட்டில் குற்றம், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். வேலியைத் தாண்டித் தடைப்பகுதிக்குள் கால் வைப்பதும் அப்படியே. கடத்தல்காரர்கள் செய்த தந்திரங்களை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்: காலணிக் குதிகாலில் குடைந்த பொந்து, வைரம் கட்டிப் பறக்கவிட்ட புறா. மகளுக்கு அது பிடிக்கும். ஊருக்கு அப்பால் எலிசபெத் விரிகுடா, பொமோனா என்று இன்னும் ஆழமான பாழூர்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும், பாஸ்போர்ட் விவரங்களைப் பல நாள் முன்பே கொடுக்கவேண்டும். பத்து நாள் பயணத்தில் அதற்கு மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து.

மகள் சலித்துக்கொள்ள மாட்டாள். இரண்டாம் முறை எங்களோடு வந்த நண்பரின் பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அருங்காட்சியகத்தில் ஐந்து நிமிடம் நெளிந்தான். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மணல் சரிவைப் பார்த்தான், உட்கார்ந்தான், அறையிலிருந்து அறைக்குச் சறுக்கினான். அங்கே வளர்ந்த அந்த 40 பிள்ளைகளும் மணலில் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று அவன் அப்பா சொன்னதும், “அவங்க அம்மா திட்டியிருப்பாங்களே?” என்றான். மாற்றுக் காலுறையும் இன்னொரு ஜோடிக் காலணியும் காரில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் முன் கால்சட்டை மடிப்பையும் பையின் அடியையும் நன்றாகத் தட்டுங்கள். நாங்கள் தட்டியும், ஊர் வந்து துணி துவைத்தபோது பக்கெட்டின் அடியில் ஒரு விரற்கடை மணல் இருந்தது.